சிதம்பரத்துத் தரையும் செல்வியின் முழங்காலும்

சென்ற மாசியில், மகா சிவராத்திரிக்கு நாலு நாள் முன்னால், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு என் மகளை அழைத்துக்கொண்டு போய் வந்தேன். நடராஜரைத் தரிசிக்கத்தானே என்று கேட்பீர்கள். தரிசனமும் ஆயிற்று. ஆனால் நாங்கள் புறப்பட்டது கோயிலுக்காக இல்லை, கால்பந்து ஆட்டத்துக்காக!

செல்விக்குப் பதினாலு வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணியில் நடுக்களத்தில் ஆடுகிறாள். போன வருஷம் சித்திரை வெயிலில் வெளியூரில் ஓர் ஆட்டம். தரை காய்ந்து செங்கல் மாதிரி இருந்ததாம். ஓடின வேகத்தில் விழுந்து, முழங்கால் கிழிந்து, ஏழு தையல் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அந்தக் காயம் ஆறினதும் முன்னங்கால் எலும்பில் வலி என்றாள். கேட்பானேன்! என் மாமியார் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்தப் பந்து? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க காலைப் பாத்தா என்னா சொல்லுவாங்க? இதோட நிறுத்து."

செல்வி அன்று இரவு சாப்பிடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பேச முடியாமல், "சிதம்பரத்துல மேட்ச் இருக்குதாமே, நீயே கூடப் போய்ப் பாத்துட்டு வா. நீ வேணாம்னு சொன்னா வேணாம்" என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள் நான். கால்பந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரியாமலே ஒரு பெண்ணின் ஆசைக்குத் தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டேன்.

குண்டு ஓடிய ஊர்

எங்கள் கடலூரைப் பற்றி ஒரு விசேஷம் சொல்லட்டுமா? பந்து விழுந்த இடத்தை வைத்து எல்லை போட்ட ஊர் இது! 1690-ல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு எட்டுகிற தூரம் வரை சுற்றியுள்ள நிலமும் கோட்டையோடு சேர்த்தி என்பது பேரம். அந்த செப்டம்பர் மாதத்தில் கோட்டையிலிருந்து பல திசைக்கும் குண்டு சுட்டு, அது விழுந்த இடம் வரை தமது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊரும் குண்டு சாலை என்ற சாலையும் இன்றைக்கும் இருக்கின்றன. சின்ன வயதில் இதைக் கேட்டபோது சிரித்திருக்கிறேன். சிதம்பரம் போய் வந்த பிறகுதான் இன்னொரு யோசனை தோன்றியது. செப்டம்பரில் நம் பக்கம் பெரிய மழை பிடித்திருக்காது. தரை கெட்டியாக இருந்திருக்கும். விழுந்த குண்டு எகிறி ஓடியிருக்கும். ஐப்பசி அடைமழையில் சுட்டிருந்தால் சேற்றில் புதைந்து, கம்பெனிக்கு இரண்டு வயல் குறைந்திருக்கும், இல்லையா?

பெண்கள் கால்பந்துக்கும் கடலூருக்கும் பழக்கம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் கடற்கரைக் கிராமங்கள் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பின் வந்த வருஷங்களில்தான் இங்கே நிறைய பெண் பிள்ளைகள் பந்தைத் தேடி மைதானத்துக்கு வந்தார்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு அகாதமி அணி 2017-18-ல் இந்தியப் பெண்கள் லீகில் ஆடியது. எங்கள் ஊர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராகவும் ஆனார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையை வாங்கியது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் வாங்கியது. செல்வியின் புத்தக அலமாரிக் கதவில் இந்துமதியின் படம்தான் ஒட்டியிருக்கிறது. அவள் பாட்டி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போவார்.

மண் மாறுகிற வழி

சனிக்கிழமை ஆட்டம். வெள்ளி மத்தியானமே பஸ் ஏறினோம். சிதம்பரம் ஒன்றும் தூரமில்லை, ஒன்றரை மணி நேரம். முதுநகர் தாண்டினால் இரு பக்கமும் மணல்சாரி. சவுக்கு, முந்திரி, மணிலாக்கொட்டை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று போய், பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றைக் கடந்ததும் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. களிமண் பூமி. சம்பா அறுத்த தாளுக்கு நடுவில் உளுந்தும் பயறும் பச்சைப் பசேலென்று தலைநீட்டியிருந்தன. வரப்பு ஓரத்தில் மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. வழக்கமாக இதையெல்லாம் ஜன்னல் வழியே சும்மா பார்த்துக்கொண்டு போவேன். அன்று செல்வி, "அம்மா, அங்க மண்ணு வெடிச்சிருக்கு பாரு. கிரவுண்டும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சிதம்பரத்தில் என் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, மேல வீதிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் முப்பது வருஷம் வேலை. தண்ணீர் பாய்ச்சுவது, புல் வெட்டுவது, ரோலர் உருட்டுவது. 'பெரிய மனிதர்கள் ஆடுகிற இடத்தில் மாமாவுக்குத் தோட்ட வேலை' என்றுதான் எங்கள் குடும்பத்தில் பேச்சு. அந்த வேலையில் எவ்வளவு சூட்சுமம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மாமி கத்தரிக்காய் கொத்சும் இட்டிலியும் வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு நான் விஷயத்தைச் சொன்னேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, "தரையைப் பாக்காம ஆட்டத்தைப் பத்திப் பேசக் கூடாதும்மா. வா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

மாலையில் மைதானத்துக்குப் போனோம். ஓரத்தில் கொஞ்சம் அருகம்புல். நடுவிலும் கோல் கம்பங்களுக்கு முன்னாலும் மொட்டைத் தரை. மாமா குடைக் கம்பியை ஊன்றிப் பார்த்தார். இறங்கவில்லை. காலால் தட்டினார். 'டக் டக்' என்று சத்தம் வந்தது.

"களிமண்ணுல தண்ணி இருக்கிற வரைக்கும் அது மெத்தைம்மா. தண்ணி போச்சுன்னா செங்கல். மேல நடக்க நடக்க, வண்டி ஓட ஓட இன்னும் இறுகும். பந்துக்கு அது தெரியும். காலுக்கும் தெரியும். நமக்குத்தான் தெரியாது."

கோல்ஃப் சொன்ன கதை

அங்கேயே ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மாமா சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்கிறேன்.

கோல்ஃப் ஆட்டத்தில் சின்னப் பந்தை நீளக் கோலால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் போட வேண்டும். குறைந்த அடியில் முடிப்பவரே கெட்டிக்காரர். ஸ்காட்லாந்தில் கடலோர மணல் மேட்டு நிலத்தில் வளர்ந்த ஆட்டம் இது. நம் தேவனாம்பட்டினம் கடற்கரையை ஒட்டி இருக்கிறதே, அந்த மாதிரி மணல் பூமி. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது, உடனே இறங்கிவிடும். அதனால் தரை எப்போதும் கெட்டி. அடித்த பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும்.

"ஓடினா நல்லதுதானே மாமா? இன்னும் தூரம் போகுமே?" என்றாள் செல்வி.

"அங்கதான் சங்கதியே இருக்குது கண்ணு. தூரம் போகும், நீ நினைச்ச இடத்துல நிக்காது. ஈரத் தரையில பந்தைக் குழிக்குப் பக்கத்துல தூக்கிப் போட்டா, போட்ட இடத்துலயே உக்காரும். பலம் இருந்தாப் போதும். காஞ்ச தரையில அப்படிப் போட்டா எகிறிப் பின்னால ஓடிப் போயிடும். முன்னாலயே எறக்கி, மேடு பள்ளம் பாத்து உருட்டி விடணும். அதுக்குப் பலம் போதாது, புத்தி வேணும். அதனாலதான் பெரிய போட்டி வருதுன்னா வேணும்னே தண்ணியைக் குறைப்பாங்க."

2006-ல் இங்கிலாந்தில் ஹாய்லேக் என்ற இடத்தில் நடந்த ஓபன் போட்டியை உதாரணம் சொன்னார். அந்தக் கோடையில் மழையில்லாமல் புல்லெல்லாம் பழுப்பேறிக் கிடந்ததாம். டைகர் உட்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர், மிக நீளமாக அடிக்கிற 'டிரைவர்' என்ற கோலை நாலு நாள் ஆட்டத்திலும் ஒரே ஒரு தடவைதான் கையில் எடுத்தாராம். மற்ற நேரமெல்லாம் சின்னக் கோல். தரையே பந்தை ஓட்டிக்கொண்டு போகிறபோது ஓங்கி அடிப்பானேன் என்ற கணக்கு. கோப்பையும் அவருக்கே.

அதே வித்தை அளவு மீறினால் என்ன ஆகும்? 2004-ல் அமெரிக்காவில் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓபன் போட்டியின் கடைசி நாள். வெயிலும் காற்றுமாகத் தரை காய்ந்து கண்ணாடி ஆகிவிட்டது. ஏழாவது குழியைச் சுற்றிய பச்சைத் திட்டில் பந்து நிற்கவே மாட்டேன் என்றது. ஆட்டம் நடக்கும்போதே, ஒரு கோஷ்டிக்கும் அடுத்த கோஷ்டிக்கும் இடையில் தண்ணீர் தெளித்தார்கள். 70 அடியில் முடிக்க வேண்டிய ஆட்டத்தை அன்று ஒருவர்கூட 70-க்குக் கீழே முடிக்கவில்லை. சராசரி 78-ஐத் தாண்டியது. உலகத்திலேயே கெட்டிக்கார ஆட்டக்காரர்களின் கதி இது!

"முதல்ல ஆடினவனுக்கு ஒரு தரை, பின்னால ஆடினவனுக்கு ஒரு தரைன்னு ஆகிப் போச்சு. தண்ணி விடுறதுன்னா ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி விடணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார் மாமா. தன் மைதானமே கெட்டுப் போனதுபோல் அவர் குரல் வருத்தமாக இருந்தது.

பந்து எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க ஒரு கருவிகூட உண்டாம். 1935-ல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் யோசித்துச் செய்தது. அவர் பெயராலேயே ஸ்டிம்ப்மீட்டர் என்கிறார்கள். மூன்றடி நீளம், நடுவில் பள்ளம். ஒரு முனையை மெதுவாகத் தூக்கினால் பந்து தானாக உருண்டு இறங்கி ஓடும். எத்தனை அடி ஓடுகிறது என்பதுதான் தரையின் வேகம்.

பெண்களும் இதை ஆடுகிறார்களா என்று நான் கேட்டேன். மாமா சிரித்தார். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் புராதன கோல்ஃப் சங்கம் 2014 வரை பெண்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லையாம். அதற்கு ஏழு வருஷம் முன்பே, 2007-ல், அந்த ஊர்ப் பழைய மைதானத்திலேயே பெண்களின் பிரிட்டிஷ் ஓபன் நடந்து லொரேனா ஒச்சோவா ஜெயித்துவிட்டார்! நம் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தார். அப்போது அவருடைய கோல் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தது யார் தெரியுமா? அவருடைய அம்மா! இதைக் கேட்டதும் செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அதை எழுத்தில் சொல்ல முடியாது.

வாசல் தெளிக்கிற வித்தை

பிறகு ஒரு சோதனை செய்தோம். பள்ளிக்கூட பி.டி. டீச்சரும் வந்து சேர்ந்துகொண்டார். செயற்கைப் புல் தரைகளுக்கு சர்வதேசக் கால்பந்து சங்கமான ஃபிஃபா ஒரு கணக்கு வைத்திருக்கிறது என்று அவர் சொன்னார். 2 மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், 1 மீட்டருக்கு மேல் போகாமலும் எழும்ப வேண்டும். நான் கையை நன்றாக உயர்த்தினால் கிட்டத்தட்ட 2 மீட்டர் வரும். மொட்டைத் தரையில் பந்தை விட்டேன். செல்வியின் மார்பு உயரத்துக்கு எகிறியது! ஓரத்தில், குழாயடியில் தண்ணீர் சிந்தி அருகம்புல் முளைத்திருந்த இடத்தில் விட்டேன். அவள் தொடை வரைதான் வந்தது. ஒரே பந்து, ஒரே மைதானம், இருபது தப்படி தூரம்.

"பந்து எவ்வளவு திரும்பி வருதோ, அந்த மாதிரி அடி பிள்ளைங்க காலுக்கும் திரும்பி வரும்" என்றார் மாமா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் விடிகாலையில் நாம் வாசல் தெளிக்கிறோமே! தண்ணீர் குறைந்தால் புழுதி பறக்கும், அதிகமானால் கோலமாவு கரையும். எவ்வளவு தெளித்தால் தரை பதமாக இருக்கும் என்று நம் கைக்குத் தெரியும். இதை மாமாவிடம் சொன்னேன். அவர், "அதேதாம்மா! நீ தெனமும் வாசல்ல சும்மா செய்யறதைத்தான் நான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கிச் செஞ்சேன்" என்றார்.

அந்தத் தைரியத்தில் நானே போய்ப் போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்டேன். "சார், ராத்திரி ஒரு லாரி தண்ணி அடிச்சு விட்டா பிள்ளைங்க விழுந்தாலும் அடிபடாதே." முதலில் தயங்கினார்கள். நாங்கள் பந்தைப் போட்டுக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்கள். லாரித் தண்ணீருக்கு ஆன செலவில் பாதியை வந்திருந்த பெற்றோர்கள் நாங்களே பங்கு போட்டுக் கொடுத்தோம். சாயங்காலம் ஒரு தரம் தண்ணீர் பீய்ச்சி, அது ஊறினதும் ராத்திரி இன்னொரு தரம் விட்டார்கள். ஒரேயடியாகக் கொட்டினால் காய்ந்த களிமண் குடிக்காது, மேலேயே ஓடிவிடும் என்பது மாமாவின் யோசனை.

ஆட்டம்

சனிக்கிழமை காலை ஏழரைக்கு முதல் ஆட்டம். தரை பதமாக இருந்தது. பந்து சொன்னபடி கேட்டது. எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் போட்டு ஜெயித்தார்கள். நான் கத்தின கத்தலில் தொண்டை கட்டிவிட்டது.

மாலை மூன்றரைக்கு அடுத்த ஆட்டம். நாள் முழுக்க வெயில். தெளித்த தண்ணீரெல்லாம் போய், தரை மறுபடி 'டக் டக்' என்றது. நடுவில் தண்ணீர் விடலாமா என்று யாரோ கேட்டார்கள். காலையில் ஆடினவர்களுக்கு ஒரு தரை, இவர்களுக்கு ஒரு தரை ஆகிவிடும், அதுவும் அரைகுறை ஈரத்தில் வழுக்கும் என்று வேண்டாமென்று விட்டார்கள். எனக்கு ஷின்னகாக் ஞாபகம் வந்தது.

ஆரம்பத்தில் எங்கள் பிள்ளைகள் காலையில் ஆடின மாதிரியே பந்தைத் தூக்கித் தூக்கி முன்னால் அடித்தார்கள். ஒவ்வொன்றும் தலைக்கு மேல் எகிறி, எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடியது. எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் செல்வி குனிந்து தரையைக் கையால் தட்டிப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "முன்னாடி தூக்கிப் போடாதீங்கடி, ஓடிடுது. கீழயே காலுக்குக் காலு குடுங்க. விட்ட பந்து எகிறட்டும், இரண்டாவது குதிக்கு நில்லுங்க" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டில் சீப்பை எங்கே வைத்தோம் என்று தெரியாத பெண் இது!

ஆட்டம் மாறியது. பந்து தரையோடு தரையாக ஓடியது. கெட்டித் தரை இப்போது எங்களுக்கு உதவி செய்தது. சின்னதாகத் தட்டினாலே போதும். ஒரு கோல் போட்டார்கள். 1-1. முடிய இன்னும் பத்து நிமிஷம். அப்போது செல்வி நின்றாள். காலைப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"முன்னங்கால்ல வலிக்குது மிஸ். நான் வெளிய வரேன்."

அவளுக்குப் பதில் வேறொரு பெண் போனாள். நாலாவது நிமிஷம் எதிரணி கோல் போட்டது. 2-1. தோற்றுவிட்டோம்.

கூட ஆடின பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "நீ இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்று ஒருத்தி சொல்லியே விட்டாள். செல்வி பதில் சொல்லவில்லை. என் மடியில் காலை நீட்டிக்கொண்டு, ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தெரியாத குழந்தைபோல் அழுதாள். முழங்காலைப் பார்த்தேன். லேசான சிராய்ப்புத்தான். பழைய தழும்பு பத்திரமாக இருந்தது.

கோயிலில் ஒரு தாய்

ஞாயிறு காலை கோயிலுக்குப் போனோம். 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிற ஊர் அல்லவா? ஊரெல்லாம் சலங்கைப் பேச்சு. கோபுர வாயிலில் 108 கரணச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு நாட்டியப் பெண்ணின் அம்மாவோடு பேச்சு வந்தது. அவர் மகளுக்கும் கால் வலியாம்.

"மேடையில மரப்பலகைங்க, ஒண்ணும் ஆகறதில்ல. வீட்டு சிமெண்ட் தரையிலயும் டைல்ஸ்லயும் மணிக்கணக்கா தட்டடவு போட்டுத்தான் வலி வருது. பொண்ணு சொல்லவே மாட்டேங்குறா. சொன்னா டான்சை நிறுத்திடுவோம்னு பயம்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைதான் என்னை உலுக்கிவிட்டது. பொன்னம்பலத்தின் முன்னால் கைகூப்பி நின்றேன். ஒரு காலைத் தூக்கி ஆடுகிறவர் மற்றொரு காலை அழுத்தமாக ஊன்றியிருக்கிறார். என் பெண் நேற்று, தோற்றாலும் பரவாயில்லை என்று, அத்தனை பேர் முன்னால் 'வலிக்குது' என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டால் அவளும் அடுத்த முறை வலியை மறைப்பாள். மறைத்த வலிதான் ஆபத்து. என் தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது.

கடலூர் திரும்பியதும் டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. கெட்டித் தரையில் ஒரேயடியாக ஆடினதால் வந்த அழற்சி, மூன்று வாரம் ஓட வேண்டாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்றார். வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பார்த்தால், முருங்கைக் கீரை போட்ட கேழ்வரகு அடை தட்டிச் செல்வியின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். "எலும்புக்கு நல்லது, தின்னு" என்றார். அவ்வளவுதான்.

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்

பிள்ளைகள் எந்த ஆட்டம் ஆடினாலும் அவர்கள் ஆடுகிற தரையை ஒரு தரம் போய்ப் பாருங்கள். பந்தைத் தலைக்கு மேல் பிடித்து விட்டுப் பாருங்கள். உங்கள் இடுப்பைத் தாண்டி எகிறினால் தரை இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

காய்ந்த தரைக்கு நீளக் குமிழ் வைத்த ஷூ ஆகாது. மண்ணில் இறங்காமல் குமிழ் முனையிலேயே கால் நிற்கும், பிசகும். சின்னச் சின்னக் குமிழ் நிறைய உள்ளதே நல்லது.

கெட்டித் தரையில் தினமும் ஆட விடாதீர்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் புல் தரையிலோ, கடற்கரை ஈர மணலிலோ ஓடட்டும். ஆடுமுன் பத்து நிமிஷம் உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர் இடையிடையே குடிக்க வேண்டும்.

சிராய்த்தால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காப்பித்தூள், மண், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள்.

முன்னங்கால் எலும்பில் விரலால் தொட்டால் ஒரே புள்ளியில் வலித்தாலோ, இரவில் படுத்தாலும் வலித்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பில் மயிரிழை வெடிப்பாக இருக்கலாம். ஆடுகிற பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராமல் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சாப்பாடு போதாமல் எலும்பு பலவீனப்படுகிற அறிகுறி அது. கேழ்வரகு, பால், கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் தட்டில் இருக்கட்டும்.

கடைசியாக நமக்கும் ஒன்று. விடிந்ததிலிருந்து அடுப்படியில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்று, ராத்திரி குதிகால் வலிக்கிறது என்று தைலம் தேய்க்கிறோமே! நானும் அப்படித்தான். இப்போது அடுப்புக்கு முன்னால் ஒரு கனத்த மிதியடி போட்டிருக்கிறேன், வீட்டுக்குள் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்கிறேன். வலி பாதியாகக் குறைந்திருக்கிறது.

செல்வி நாளைக் காலையிலிருந்து மறுபடி மைதானத்துக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வாரமாக வாசல் தெளிக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டிருக்கிறாள். தெளித்துவிட்டுப் பந்தை ஒரு தரம் போட்டுப் பார்க்கிறாள். கோலம் போட நான் மாவுக் கிண்ணத்தோடு காத்திருக்கிறேன்.